கழுவாத வண்டி

கொட்டகைக் கதவை இழுத்துத் திறந்ததுமே நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். என் புருஷன் எல்வுட் என்னடாவென்றால் தேவாலயத்துக்குள் நுழைகிறவனைப் போலத் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டான்.

ஹார்லன் குக் என்ற கிழவனின் பண்ணையை அன்று ஏலம் விட்டார்கள். கிழவன் செத்துச் சில வருடங்கள் ஆகியிருந்தன. வேறு மாநிலத்தில் இருந்த தூரத்துச் சொந்தக்காரர்கள் இப்போதுதான் விற்க வந்திருந்தார்கள். எங்கள் நெப்ராஸ்காவில் வசந்தம் வந்தால் இப்படி அடிக்கடி ஒரு பண்ணை ஏலத்துக்கு வரும். ஊரே திரண்டு போய்த் தட்டுமுட்டுச் சாமான்களைக் கிளறும், நின்றுகொண்டே எதையாவது வாங்கித் தின்னும். எல்வுட்டும் அவனுடைய சிநேகிதன் கிளைடும் அந்தக் கூட்டத்தில் நிற்க மாட்டார்கள். நேராகக் கொட்டகைகளுக்குப் போய்விடுவார்கள். பழைய பிக்கப் வண்டி எங்கே துருப்பிடித்துக் கிடக்கிறது என்று தேடுவதும், அதை வீட்டுக்கு இழுத்து வந்து உயிர்கொடுப்பதும்தான் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு இருவருக்கும் பொழுதுபோக்கு.

அந்த வண்டி கொட்டகையின் கோடியில் நின்றது. ஐம்பதுகளில் வந்தது. உருண்டை முகம், பின்னால் மரப்பலகை போட்ட சரக்குத் தொட்டி. புறா எச்சம் கூரையிலிருந்து வழிந்து, காய்ந்து, அதன் மேல் மறுபடி வழிந்திருந்தது. கண்ணாடிகளை உள்ளேயிருந்து ஏதோ பழுப்புப் படலம் மங்கலாக்கியிருந்தது.

நாற்றம் அதிலிருந்துதான் வந்தது. நான் பள்ளிக்கூடச் சமையல்கட்டில் காலம் தள்ளியவள். கெட்டுப்போன இறைச்சி, அடைத்துக்கொண்ட சாக்கடை, அடுப்புக்குப் பின்னால் செத்த எலி எல்லாம் என் மூக்குக்குப் பழக்கம். இது எலி இல்லை. இதில் ஓர் இனிப்பு இருந்தது. தொண்டையில் போய் ஒட்டிக்கொண்டு, எச்சில் விழுங்கும்போது கூடவே இறங்குகிற இனிப்பு.

"எலி கூடு கட்டியிருக்கும்," என்றான் எல்வுட்.

"எலியா? பன்னிக் கூட்டமே செத்துக் கிடந்தாலும் இப்படி நாறாது. இது வீட்டுக்கு வந்துச்சுன்னா நான் வெளிய போயிடுவேன், பாத்துக்க."

"கழுவினா போயிடும், வெர்னா."

"கழுவறதா?" கிளைடு பதறிவிட்டான். "டேய் பாவி, கழுவிடாதடா! இந்த அழுக்கு உனக்குத் திரும்பக் கிடைக்குமா?"

முன்பெல்லாம் இந்தப் பைத்தியத்தில் ஓர் ஒழுங்கு இருந்தது. துருவைச் சுரண்டுவார்கள், சாயம் பூசுவார்கள், வண்டி பளபளவென்று நிற்கும். அதை நானும் ரசித்திருக்கிறேன். இப்போது ரசனை தலைகீழாகிவிட்டது. சுதந்திர தினமான ஜூலை நான்காம் தேதி எங்கள் ஊர்க் கடைத்தெருவில் நடக்கும் வண்டிக் காட்சியில், கொட்டகையில் கண்டெடுத்தபடியே ஓட்டிவரும் வண்டிக்குத் தனிக் கோப்பை. இன்ஜின் ஓட வேண்டும், பிரேக் பிடிக்க வேண்டும். ஆனால் தூசி, எச்சம், சிலந்தி வலை எதையும் தொட்டிருக்கக் கூடாது. புதுச் சாயம் யார் வேண்டுமானாலும் பூசலாமாம், அழுக்கு தானாக வர வேண்டுமாம். பேரன் பேத்தி எடுத்த மனிதர்கள் அழுக்கைக் காட்டிக் கோப்பை வாங்குகிறார்கள். கருமம், வேறென்ன சொல்ல?

எல்வுட் அந்த வண்டியை வாங்கிவிட்டான்.

எங்கள் வண்டி ஷெட்டுக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒரே ஒரு கதவுதான். அந்தக் கதவின் அடியில் நான் ஈரத்துண்டைச் செருகி வைத்தேன். எல்வுட் ஷெட்டின் சன்னல்களைத் திறந்துவைத்து வேலை பார்த்தான். கார்பரேட்டரைப் பிரித்து மாட்டினான். பிரேக் குழாய்களைப் புதிதாகப் போட்டான். பெட்ரோல் டேங்க்கைக் கழற்றி உள்ளே கழுவினான். கண்ணுக்குத் தெரியாததெல்லாம் புதிதாயிற்று. கண்ணுக்குத் தெரிவதெல்லாம் அப்படியே நாறியது.

ஒருநாள் காபி கொண்டுபோனபோது வண்டிக் கதவு திறந்திருந்தது. ஒரே நீள இருக்கை, மூன்று பேர் உட்காரலாம். ஓட்டுகிறவர் உட்காரும் இடத்தில் கறுப்பாக ஒரு கறை. ஒரு மனிதனின் பின்புறமும் தொடைகளும் படும் அகலத்துக்கு விரிந்து, இருக்கையின் விளிம்பில் வழிந்து, தரை வரைக்கும் இறங்கியிருந்தது. காய்ந்த பாகு போல வெடித்திருந்தது. அதில் முடி ஒட்டியிருந்தது. பின்பக்கக் கண்ணாடியில், ஓட்டுகிறவர் தலை சாய்க்கும் இடத்தில், வட்டமாக ஓர் எண்ணெய்ப் பிசுக்கு.

"மாட்டுத் தீவனத்துல கலக்கற பாகு கொட்டியிருக்கும்," என்றான் எல்வுட்.

"முடி?"

"அந்தக் காலத்து சீட்டுக்குள்ள குதிரை முடிதான் அடைப்பாங்க. எல்லா வண்டியிலயும் இருக்கும்."

அது உண்மைதான், நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் இந்த முடி நரைத்திருந்தது. குட்டையாக, கத்தரி போட்ட நுனியோடு இருந்தது. ஒரு கொத்தின் அடியில் மீன் செதில் போல என்னவோ ஒட்டியிருந்தது. அதை நான் உற்றுப் பார்க்கவில்லை. போய்ச் சுடுதண்ணீரில் கை கழுவினேன், மறுபடியும் கழுவினேன், அன்று மதியம் சாப்பிடவில்லை.

இன்ஜின் ஓடத் தொடங்கியதும் வேறொரு தொல்லை வந்தது. வண்டி அதிர அதிர அழுக்கு உதிர ஆரம்பித்தது. போட்டிக்கு முன்னால் எல்லாம் கொட்டிவிட்டால் கோப்பைக்கு எங்கே போவது? இதற்கும் அவர்களிடம் ஒரு வழி உண்டு. அழுக்கின் மேலேயே நிறமில்லாத வார்னிஷை அடித்துவிடுவார்கள். தூசி தூசியாகவே உறைந்துவிடும். வெளியே மட்டும் அடித்தால் போதும் என்றுதான் கிளைடு சொன்னான். எல்வுட் உள்ளேயும் அடித்தான். ஸ்டியரிங், கதவின் உட்புறம், பின்கண்ணாடி, அந்தக் கறை, அந்த முடி, எதையும் விடவில்லை.

"இனி ஒரு பொட்டுகூட உதிராது," என்றான். முகமூடியைக் கழற்றியபோது அவன் முகத்தில் அத்தனை சந்தோஷம்.

நாற்றமும் நின்றது. வீடு முழுக்க வார்னிஷ் நெடிதான். நான் சன்னல்களைத் திறந்து, பீன்ஸும் இறைச்சியும் போட்டுச் சில்லிக் குழம்பு வைத்து, தொட்டுக்கொள்ள இலவங்கப்பட்டை ரொட்டி சுட்டேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அடித்துக்கொண்டு தின்பது. எல்வுட்டும் வயிறு முட்டத் தின்றான்.

சில நாள் கழித்துச் சாப்பாட்டு மேசையில் நாற்றம் திரும்பி வந்தது. ஷெட்டுக் கதவு சாத்தியிருந்தது, துண்டு செருகியிருந்தது.

அது எல்வுட்டின் மேல் அடித்தது.

கழுத்தில், காலரில், பின்மண்டையில். போய்க் குளி என்று விரட்டினேன். குளித்துவிட்டு வந்தான், அப்படியே நாறினான். கையைத் தூக்கித் தன்னையே முகர்ந்து பார்த்துவிட்டுக் குழந்தை போல விழித்தான்.

"எனக்கு ஒண்ணும் அடிக்கலையே. சோப்பு வாசனைதான் வருது."

அதற்குப் பிறகு மதியச் சாப்பாட்டை வண்டியிலேயே வைத்துக்கொண்டான். நல்ல வெயில் நேரத்தில், கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, சாண்ட்விச்சோடு உள்ளே உட்கார்ந்திருப்பான். பேச்சுச் சத்தம் கேட்கும். ரேடியோ என்று நினைத்தேன். அந்த வண்டியில் ரேடியோ கிடையாது.

ஒருநாள் அவன் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மூச்சைப் பிடித்துக்கொண்டு போய்ப் பின்கண்ணாடியைப் பார்த்தேன். ஓட்டுகிறவர் பக்கம் இருந்த பிசுக்கைக் காணவில்லை.

அது இருக்கையின் நடு இடத்துக்கு நேராக இருந்தது.

வார்னிஷுக்கு அடியில் உறைந்த கறை எப்படி இடம் மாறும்? கதவைத் திறந்து, கையை நீட்டி, அதைத் தொட்டேன். விரல் வழுக்கியது. ஈரம் இருந்தது. இளஞ்சூடாகவும் இருந்தது.

"கண்ணாடியைத் துடைச்சியா?" என்றேன்.

"இல்லையே."

"அப்ப இந்தக் கறை எப்படி இங்க வந்துச்சு?"

அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எனக்கு இடம் விட்டு நகந்து உக்காந்திருக்கார்," என்றான்.

"யாரு?"

எல்வுட் சாண்ட்விச்சைக் கடித்தான். ஸ்டியரிங்கைப் பிடித்த கையில் மஞ்சளாக ஒரு மினுமினுப்பு. அந்த விரல்களை ஒவ்வொன்றாக வாயில் வைத்துச் சப்பினான். நான் கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். இவனோடுதான் இத்தனை காலம் ஒரே கட்டிலில் படுத்திருக்கிறேன், இவன் வாயைத்தான் முத்தமிட்டிருக்கிறேன் என்று நினைத்தபோது அழுகையும் வந்தது. என் புருஷன் என் கண்ணெதிரே கைவிட்டுப் போய்க்கொண்டிருந்தான்.

"இதை வித்துடு எல்வுட். கெஞ்சிக் கேக்கறேன்."

"போட்டி முடியட்டும் கண்ணு. நீயும் என்கூட வண்டியில வா. அதுக்கப்புறம் வித்துடறேன்."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ஏறினேன்.

ஜூலை நான்காம் தேதி அனல் பறந்தது. நான் மூக்கில் மெந்தால் களிம்பைத் தடவிக்கொண்டு, இருக்கையில் துண்டை விரித்து வலது கதவோரமாக உட்கார்ந்தேன். கொஞ்சம் நகர்ந்து அவன் பக்கம் வந்தேன்.

"நடுவுல இடம் விட்டு உக்காரு," என்றான்.

வெயிலில் வார்னிஷ் இளகியது. துண்டை மீறி என் தொடையில் பிசுபிசுவென்று ஏறியது. கண்ணாடியை இறக்கப் பார்த்தேன், கைப்பிடி சுற்றவில்லை. மெந்தாலையும் தாண்டி அந்த இனிப்பு தொண்டையில் இறங்கியது. வண்டி கடைத்தெருவுக்கு இடதுபுறம் திரும்பியது.

என் மேல் ஏதோ சாய்ந்தது.

நடு இருக்கை காலியாகத்தான் இருந்தது. நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

கதகதப்பாக, கொழகொழவென்று, பாரமாக. ஒரே தடவையில் சாயவில்லை. முதலில் ஒரு தோள்.

அப்புறம் மீதி.

வண்டி நேரானதும் அது மெதுவாக என்னைவிட்டு விலகியது. என் கையில் ஈரக்கோடு ஒன்று தங்கியது.

கத்துவதற்கு வாயைத் திறந்தால் அந்த நாற்றம் வாய்க்குள் வருமே என்று பயந்து வாயை இறுக மூடிக்கொண்டேன். தெரு நெடுகக் கொடிகள், எலுமிச்சைச் சாறு விற்கும் பிள்ளைகள், பேண்டு வாத்தியம். எல்வுட் வரிசையில் வண்டியை நிறுத்தினான். நான் குதித்து இறங்கினேன். ஆவலாக வந்த ஜனங்கள் பாதியில் நின்றார்கள். ஒரு பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓடினாள். அந்த வருடம் கோப்பைக்கு மதிப்பெண் போடும் பொறுப்பில் இருந்த கிளைடு கதவுக்குள் தலையை விட்டான். விட்ட வேகத்தில் வெளியே இழுத்து, விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தான்.

"அசல் அழுக்குடா கிளைடு!" எல்வுட் உள்ளேயிருந்து சிரித்தான். "ஒண்ணையும் தொடலை!"

கிளைடு வாயைத் துடைத்துக்கொண்டு என்னைத் தனியாக இழுத்துப்போனான்.

"ஏலம் விட்டவன் அன்னிக்கே எங்கிட்ட சொன்னான், வெர்னா. ஹார்லன் அந்த வண்டியிலதான் செத்தான். ஜூன் மாசம். கண்ணாடியெல்லாம் ஏத்திட்டு உக்காந்திருக்கான், அப்படியே நெஞ்சடைச்சுப் போயிட்டான். தேடறதுக்கு நாதியில்லை. அக்டோபர்ல, சோளம் அறுக்கற சமயத்துலதான் யாரோ போய்ப் பாத்திருக்காங்க."

"அப்புறம்?"

"கையோட வந்ததை எடுத்துட்டுப் போய்ப் புதைச்சாங்க."

"வராதது?"

கிளைடு வண்டியின் பக்கம் கையைக் காட்டினான்.

அதன் மேல்தான் என் புருஷன் வார்னிஷ் அடித்திருந்தான். அதன் மேல்தான் நான் என் நல்ல உடுப்போடு உட்கார்ந்து வந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு எல்வுட் வண்டியைவிட்டு இறங்கவில்லை. மறுநாளும் இறங்கவில்லை. கதவைத் திறந்து கெஞ்சினேன், திட்டினேன், நானா இதுவா என்று கேட்டேன்.

"அத்தனை மாசம் ஒருத்தர்கூட வந்து பாக்கலை, வெர்னா," என்றான். கண்ணில் நீர். "பாவம்டி."

கிளைடை வரவழைத்தேன். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு இருவரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தோம். அவன் முதுகு வரவில்லை. சட்டை வார்னிஷோடு ஒட்டியிருந்தது, சட்டைக்குள் தோல் ஒட்டியிருந்தது. மூச்சைப் பிடித்து இழுத்தபோது பிளாஸ்திரியைப் பிய்க்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. இப்போதும் அந்தச் சத்தம் என் காதில் இருக்கிறது. கிளைடு அவனை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தான். வெயிலில் வந்த புண் என்று சொல்லி அங்கே வைத்துக்கொண்டார்கள்.

அவன் திரும்பி வருவதற்குள் அந்த வண்டியை ஒழித்துவிட வேண்டும் என்று நான் முடிவு செய்தேன். அப்படியே எடுத்துப்போக எந்தப் பழைய இரும்புக்காரனும் கிட்டே வரவில்லை. சரி, கழுவுகிறேன் என்று இறங்கினேன். என்னைவிட யார் கழுவிவிடுவார்கள்?

முதலில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தேன். ஒரு பொட்டு அழுக்கு வரவில்லை, வார்னிஷ் விடவில்லை. ஆனால் அதன் அடியில் பழுப்பாகக் குமிழிகள் எழும்பி மெதுவாக நகர்ந்தன. இருக்கையிலிருந்து கதவுக்கு, கதவிலிருந்து என் கை இருந்த பக்கத்துக்கு. நான் கையை எடுத்தேன். அவை நின்றன.

அப்புறம் சாயம் உரிக்கிற மருந்தை ஊற்றி, தகட்டுக் கரண்டியால் சுரண்டினேன். வார்னிஷ் தோல் தோலாக வந்தது. ஒவ்வொரு தோலுக்கும் அடியில் ஈரம். இத்தனை வருடம் காய்ந்தது எப்படி மறுபடி ஈரமானது? ஸ்டியரிங்கில் விரல் படும் பள்ளங்களுக்குள் அது கட்டி கட்டியாக இருந்தது. பிடுங்கினால் நூல் விட்டது. சீ! முதல் நாள் குடலே வெளியே வந்துவிடும்போலக் கக்கினேன். கையுறையைக் கழற்றிய பிறகும் நகத்துக்குள் நாறியது.

அடுத்த நாள் கொஞ்சம் பரவாயில்லை. அதற்கடுத்த நாள் முகத்துணி இல்லாமலே வேலை செய்ய முடிந்தது. நாளாக ஆக நாற்றம் குறைந்துகொண்டே வந்தது. சோப்பும் தண்ணீரும் ஜெயிக்கின்றன என்று நினைத்தேன். கடைசி நாள் ஷெட்டுப் படியிலேயே உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

இருக்கையைக் கொல்லையில் போட்டு எரித்தேன். மிச்சம் வெறும் தகரம்தான். கிளைடு வந்து தன் வண்டியில் கட்டி, நசுக்குகிற இடத்துக்கு இழுத்துப்போனான். அவன் கண்வரைக்கும் துணி கட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"டேய், இன்னும் என்னடா பயம்? வெறும் தகரத்துக்குப் போயி!"

அவன் வண்டியைக் கிளப்பினான்.

எல்வுட் வீட்டுக்கு வந்தான். முதல் நாள் காலி ஷெட்டைப் பார்த்துக் கொஞ்சம் அழுதான். பிறகு முகம் தெளிந்தது. சாப்பிட்டான், தூங்கினான், என்னைக் கேலி செய்தான். முதுகுப் புண்ணுக்கு நான்தான் மருந்து போட்டேன். அவன் கழுத்தில் முகம் புதைத்துப் பார்த்தேன். சோப்பு வாசனைதான் வந்தது. என் புருஷனை மீட்டுவிட்டேன் என்று அன்று முழங்காலில் நின்று ஆண்டவருக்கு நன்றி சொன்னேன்.

இன்று காலை ஓப்பல் வந்தாள். கிளைடின் மனைவி, எனக்குப் பள்ளிக்கூடத்துத் தோழி. கையில் மூடி போட்ட பாத்திரத்தோடு சிரித்துக்கொண்டே படியேறியவள் வலைக்கதவுக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள். சிரிப்பு முகத்தில் இல்லை.

"உள்ள வாடி, காபி இறக்கியிருக்கேன்," என்றேன்.

அவள் என் தோளுக்கு மேலாகக் கூடத்தைப் பார்த்தாள். எல்வுட் சோபாவில் உட்கார்ந்து பேஸ்பால் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வெர்னா," என்று கிசுகிசுத்தாள். "உள்ள என்னடி செத்துக் கிடக்கு?"

நான் மூச்சை இழுத்துப் பார்த்தேன். காபி. இலவங்கப்பட்டை. துவைத்த துணி.

"எனக்கு ஒண்ணும் அடிக்கலையே."

ஓப்பல் கதவுக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுவந்தாள். என்னைத்தான் முகர்ந்தாள். பாத்திரம் கைநழுவி விழுந்தது. என் கால்மிதியில் குனிந்து கக்கிவிட்டு, மன்னிப்புக்கூடக் கேட்காமல் கார் வரைக்கும் ஓடினாள்.

நான் உட்கார்ந்து அவள் கக்கியதை அள்ளினேன். பாதி அள்ளிய பிறகுதான் வெறும் கையால் அள்ளிக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. ஒரு பிள்ளை துப்பினாலே பிளீச்சிங் பவுடரைத் தேடி ஓடுகிறவள் நான். கை விரல்களுக்கு நடுவில் அது வழிந்தது, நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்குக் குமட்டவில்லை.

இவ்வளவு நேரமும் சீ என்றும் கருமம் என்றும் எழுதிக்கொண்டு வந்தேன். அந்த அருவருப்பெல்லாம் ஞாபகத்திலிருந்து எழுதியதுதான்.